பொட்டலத்தில் பெயர் இல்லை

எங்க சின்னம்மா பதினோரு வருஷம் ஒரு மாத்திரையை விழுங்கி வந்தாள். அதன் பெயர் அவளுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. வீட்டில் அதற்கு "வெள்ள மாத்தர" என்றுதான் பெயர்.

சின்னம்மாவுக்குக் காக்கா வலிப்பு. பன்னிரண்டு வயசில், நடவு வயலில், சேற்றில் விழுந்து கைகால் வெட்டி இழுத்ததில் தொடங்கியது. அவள் விழுகிற போதெல்லாம் யாராவது ஓடிவந்து கையில் சாவிக்கொத்தையோ அரிவாளையோ திணிப்பார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது ஊரறிந்த வைத்தியம். வலிப்பு தானாக நிற்கும். பேர் இரும்புக்குப் போகும். மந்திரித்தார்கள். கயிறு கட்டினார்கள். கோயிலில் நாற்பத்தெட்டு நாள் படுக்கவைத்தார்கள். அடுப்பில் விழுந்து இடது கை முழங்கை வரை வெந்துபோன பிறகுதான் எங்கள் பாட்டி அவளை டவுனுக்குக் கூட்டிப்போனாள். அது 1998.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டாக்டர். முறையாகப் படித்தவர், போலி அல்ல. அவரைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் சேரிக்காரர்களைத் தொட்டுப் பார்த்தார். நோயைத் தள்ளி நின்றே கேட்டு அனுப்புகிறவர்கள் இருந்த டவுனில் இது சின்ன விஷயம் இல்லை. பத்து ரூபாய் வாங்குவார். இல்லை என்றால் "அடுத்த வாட்டி குடு" என்பார். நம்மை "வா, போ" என்றுதான் பேசுவார். எழுபது வயசு பாட்டியையும் அப்படித்தான். அதை அன்றைக்கு நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் மருந்து கேட்டது. விழுவது நின்றது. சின்னம்மா கரும்பு வெட்டப் போனாள், கல்யாணம் கட்டினாள், ரெண்டு பிள்ளை பெற்றாள்.

மாத்திரை தந்த விதத்தையும் சொல்ல வேண்டும். டாக்டருக்குப் பின்னால் ஒரு மர அலமாரி. அதில் பெரிய பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரம் மாத்திரை. கம்பவுண்டர் டப்பாவைச் சாய்த்து உள்ளங்கையில் கொட்டி, ரெண்டு ரெண்டாக எண்ணி, பழைய நோட்டுத் தாளில் மடித்துத் தருவார். "ராத்திரி ரெண்டு." பதினைந்து நாளைக்கு முப்பது. தீர்ந்தால் திரும்ப வரவேண்டும். சீட்டு கிடையாது. பொட்டலத்தின் மேல் மருந்தைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. யாரோ ஒரு பள்ளிப் பிள்ளையின் வீட்டுப்பாடம்தான் இருக்கும்.

2009இல், தை கழிந்து, சின்னம்மாவும் சித்தப்பாவும் செங்கல் சூளைக்குப் போனார்கள். அட்வான்ஸ் வாங்கியாயிற்று, ஆறு மாசம் வேலை செய்தே ஆகவேண்டும். டாக்டர் இரக்கப்பட்டு ஒரு மாசத்துக்குப் பொட்டலம் தந்தார். தீர்ந்தது. ஊருக்குப் போய் வாங்கிவர மேஸ்திரி விடவில்லை. "கணக்க முடிச்சிட்டுப் போ." சித்தப்பா காலிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அந்த ஊர் மருந்துக்கடைக்குப் போனார்.

"என்ன மாத்திரை?"

"வெள்ள மாத்தர சார். சின்னதா இருக்கும். வலிப்புக்கு."

"பேரு சொல்லு. சீட்டு எங்க?"

கடைக்காரர் மேல் தப்பு இல்லை. பெயரும் தெரியாமல் சீட்டும் இல்லாமல் அவர் எதை எடுத்துக் கொடுப்பார்? ரெண்டு கடை, மூணு கடை ஏறி இறங்கினார். ஐந்தாம் நாள் ராத்திரி ஒரு வலிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. கல் ஏற்றும் டிராக்டரில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டியூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்: "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க? எப்ப நிறுத்தினாங்க?" சித்தப்பா மடித்த தாளை நீட்டினார். அதில் ஏழாம் வாய்ப்பாடு இருந்தது.

விடிவதற்குள் செத்துப்போனாள். முப்பத்தொரு வயசு.

2

காரியம் முடிந்து நான் டவுன் டாக்டரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"பீனோபார்பிடோன். அத நிறுத்தவே கூடாதேப்பா. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும்."

"இத அதுகிட்ட சொன்னீங்களா சார்?"

"மாத்திரைய விடாதன்னு சொல்லித்தான் அனுப்புவேன்."

"பேரச் சொன்னீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பேரு தெரிஞ்சா கடையில வாங்கி நீங்களே போட்டுக்குவீங்க. ஒண்ணுக்கு நாலா போட்டுக்குவீங்க. அது தூக்க மருந்துப்பா. அத முழுங்கிச் செத்தவன் எத்தன பேரு தெரியுமா? உங்களுக்கு எதுக்குப் பேரு? நான் இருக்கேனில்ல."

"நான் இருக்கேனில்ல." இந்த வார்த்தை பல வருஷமாக எனக்குள் கிடக்கிறது. இதில் பொய் இல்லை. அவர் இருந்தார். நடுராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்து வந்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுதவேண்டிய அவசியமே இல்லை. கெட்டவர்களைப் பற்றிப் பேசுவது சுலபம். நல்லவர் ஒருவருடைய அலமாரியில் நம்முடைய உயிர் பூட்டிக் கிடக்கலாமா என்பதுதான் என் கேள்வி. அந்தப் பூட்டுக்குச் சட்டம் என்ன சொல்கிறது, அந்தச் சட்டம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது அதை ஒட்டி வரும் கேள்வி.

3

பீனோபார்பிடோன் பழைய மருந்து. 1912இல் விற்பனைக்கு வந்தது. வலிப்புக்கான மருந்துகளில் மிக மலிவானவற்றில் ஒன்று. ஏழை நாடுகளின் கிராமத்து வலிப்புக்காரர்களை நூறு வருஷத்துக்கு மேலாகத் தாங்கி வருகிறது. ரெண்டு குணம் உண்டு. அளவு மீறினால் மூச்சை அடக்கும். வழக்கப்பட்ட உடம்பிலிருந்து சட்டென்று எடுத்தால் வலிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வரும். நிறுத்துவதென்றால் வாரக்கணக்கில், மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகவும் இது காரணமாகும். கருவிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கவும் கூடும். சின்னம்மா இதைத் தின்றுகொண்டே ரெண்டு பிள்ளை சுமந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

இது 1985ஆம் வருஷத்துப் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து. டயாசிபாம், அல்பிரசோலாம், லோராசிபாம் போன்ற தூக்க, பதற்ற மருந்துகளும் அதே பட்டியலில்தான் வருகின்றன. 1971இன் சர்வதேச ஒப்பந்தத்திலிருந்து வந்த பட்டியல் அது. இந்த மருந்துகளை மருத்துவத்துக்காக யார் வைத்திருக்கலாம், எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு அந்தச் சட்டத்தின் விதிகள் கணக்கு வைத்திருக்கின்றன. 66ஆம் விதியின்படி ஒரு நோயாளி தன் சொந்த வைத்தியத்துக்காக ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகால நோயென்று மருத்துவர் தனியாக எழுதிக்கொடுத்தால் 300 வரை வைத்திருக்கலாம்.

இதை நான் முதன்முதலில் படித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி ரெண்டு என்றால் 300 மாத்திரை 150 நாளைக்கு வரும். அஞ்சு மாசம். ஒரு சூளைப் பருவத்தை ஏறக்குறைய முழுசாகக் கடந்துவிடலாம். சட்டம் அந்த வழியை வைத்திருந்தது. ஒரு சீட்டு வேண்டும், அவ்வளவுதான். சீட்டு இல்லாததால், சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டால், மடியில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த எங்க சின்னம்மாதான் பதில் சொல்ல வேண்டியவள்.

டாக்டர்களுக்கு என்ன விதி? 1940ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வந்த 1945 விதிகளில் 'கே' அட்டவணை என்று ஒன்று உண்டு. மருந்துக்கடைக்காரருக்கு உரிமம் வேண்டும். ஆனால் திறந்த கடை நடத்தாமல் தன் சொந்த நோயாளிக்கு மருந்து தரும் பதிவுபெற்ற மருத்துவருக்கு அந்த உரிமம் வேண்டாம். கடையே இல்லாத ஊர்களை நினைத்தால் இது நியாயமான சலுகைதான். ஆனால் சும்மா தந்த சலுகை இல்லை. உரிமம் பெற்றவரிடம்தான் வாங்க வேண்டும், வாங்கிய கணக்கு வைத்திருக்க வேண்டும். ஆபத்தான அட்டவணை மருந்தாக இருந்தால் அதன்மேல் மருத்துவரின் பெயர், முகவரி, சாப்பிட வேண்டிய அளவு எழுதியிருக்க வேண்டும். நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், தேதி எல்லாம் பதிவேட்டில் ஏறவேண்டும். அந்தப் பதிவுக்கு ஒரு எண் கொடுத்து, அதே எண்ணை நோயாளியின் கையிலுள்ள மருந்தின் மேலும் எழுதவேண்டும்.

இன்னொரு முறை படியுங்கள். அந்த எண் மட்டும் பொட்டலத்தின் மேல் இருந்திருந்தால், ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த டாக்டரம்மா ஒரு போன் போட்டு மருந்தின் பெயரைக் கேட்டிருக்க முடியும். சின்னம்மா பிழைத்திருப்பாள் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் தெரியாமல் செத்திருக்க மாட்டாள்.

ஆக விதி இருக்கிறது. எங்கள் பொட்டலத்தில்தான் இல்லை. பதினோரு வருஷத்தில் ஒரு இன்ஸ்பெக்டரும் அந்த அலமாரியைத் திறந்து பார்த்ததாக எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லை. சேரிக்காரனுக்கு மடித்துக் கொடுக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

4

"அப்படியென்றால் சட்டத்தை இறுக்க வேண்டியதுதானே?" என்று தோழர்கள் கேட்பார்கள். இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். சட்டம் இறுகும்போது கயிறு யார் கழுத்தில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1985 சட்டம் வந்தபோது அதன் குறி போதைக் கடத்தல்காரன். விழுந்தது புற்றுநோய்க்காரன் மேல். மார்ஃபின் வாங்கவும் வைத்திருக்கவும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உரிமம் கேட்டார்கள், ஒவ்வொரு மாநிலமும் ஒரு விதி போட்டது. தண்டனைக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் அதை வைத்திருப்பதையே விட்டன. 1997க்குள் இந்தியாவில் மார்ஃபினின் மருத்துவப் பயன்பாடு 97 சதவீதம் விழுந்துவிட்டது. கசகசாச் செடி வளர்த்து உலகத்துக்கே அபின் அனுப்பிய நாட்டில், வலியில் கத்திச் செத்தவர்கள் எத்தனை லட்சம் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தி, இன்றியமையாத போதை மருந்துகள் என்று சிலவற்றைப் பிரித்து, வழியைச் சுலபமாக்கினார்கள். இடையில் போனது 29 வருஷம்.

இன்னொரு பக்கம். சென்னையில் குடிசைப் பகுதிகளில் பையன்கள் வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். நம்முடைய பையன்கள். செத்தும் போகிறார்கள். இதைப் பார்க்கிறவன் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லவே முடியாது. ஆனால் மாத்திரை பையனின் கையில் முளைக்கவில்லை. ஒரு கம்பெனி செய்தது, ஒரு மொத்த வியாபாரி பெட்டி பெட்டியாக இறக்கினான், ஒருவன் சீட்டில்லாமல் விற்றான். விடியற்காலையில் போலீஸ் ஜீப் எந்தத் தெருவுக்கு வருகிறது? பில் புத்தகம் இருக்கிற தெருவுக்கா, நம் தெருவுக்கா?

2013இல் 'ஹெச்1' என்று ஒரு புது அட்டவணை போட்டார்கள். 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. அல்பிரசோலாம், டயாசிபாம், டிரமடால் எல்லாம் அதில் உண்டு. விற்கிற கடைக்காரர் எழுதிய மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சாகியிருக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் சிவப்புக் கட்டம் அட்டையில்தான் இருக்கிறது. அட்டையிலிருந்து உரித்துத் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டால் அந்தக் கட்டம் குப்பைக் கூடையோடு போகும். அப்படியே வந்தாலும் இங்கிலீஷில் வரும்.

ரிஷிகேஷில் வலிப்புக்கு வைத்தியம் பார்த்த ஒரு மருத்துவமனை மேல் வழக்கு வந்தது. ஆயுர்வேதம் என்ற பெயரில் பீனோபார்பிடோன் போன்ற மருந்துகளை வைத்திருந்தார்கள், கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே எழுந்த கேள்வி, இந்த மருந்து எந்த அட்டவணையில் இருக்கிறது, போதைச் சட்டத்தின் தடை இதற்குப் பொருந்துமா என்பது. பொருந்தாது என்று 2006இல் சொல்லி ஜாமீனை நிலைநிறுத்தினார்கள். அந்த விளக்கம் சரியல்ல என்று 2014இல் வேறொரு வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. சட்டம் தெளிய எட்டு வருஷம். ஜாமீன் வழக்கில் ஜாமீனைப் பற்றித்தான் பேசுவார்கள், அது புரிகிறது. ஆனால் பெயர் தெரியாமல் அந்தப் பொடியையும் உருண்டையையும் விழுங்கியவர்களுக்கு நாங்கள் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி எந்த மன்றத்தில் வரும்? அரசு ஒரு பக்கம், மருத்துவர் ஒரு பக்கம். விழுங்கியவர் வாசலுக்கு வெளியே.

மருந்துக் கட்டுப்பாடு என்று நாம் பழகியிருப்பது இதுதான். மருந்து அலமாரியிலிருந்து கசிந்து வெளியே போய்விடக் கூடாது என்கிற கவலை. அது வாய்க்குள் போகும்போது அந்த வாய்க்குத் தெரியவேண்டும் என்கிற கவலை அதன் ஓரத்தில் எங்கேயோ சின்ன எழுத்தில் கிடக்கிறது.

5

இந்தக் கவலையின் கோணல் மனநோய் மருந்துகளில் இன்னும் தெளிவாகத் தெரியும். குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் போன்றவை ஒரு ஆளின் நினைப்பையும் நடையையும் மாற்றக்கூடியவை. கை நடுங்கும், தாடை இறுகும், எச்சில் வழியும், உடம்பு மரக்கட்டையாகும். ஆனால் இவை 1985 சட்டத்தின் பட்டியலில் இல்லை. ஏன்? யாரும் இன்பத்துக்காக இதைத் திருடித் தின்ன மாட்டார்கள். தெருவில் விலைபோகிற மருந்தைச் சட்டம் பூட்டி வைக்கும். ஒருவரை அடக்கிவைக்க உதவுகிற மருந்துக்குச் சாதாரணச் சீட்டு போதும்.

நம் பத்திரிகைகளில் தொண்ணூறுகளில் ஃபூக்கோவைப் பற்றி நிறையப் பேசினோம். பைத்தியம் என்பது அதிகாரம் ஒட்டுகிற பெயர் என்று கற்றோம். அதில் நமக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. கூலி உயர்த்திக் கேட்டவனை, ஊர்க்கிணற்றில் குடம் விட்டவளை "அதுக்குக் கிறுக்கு" என்று சொன்னது நம் ஊர்தான். அதைப் பிடித்துக்கொண்டு சில தோழர்கள், மருந்தே அதிகாரம், தூக்கி எறியுங்கள் என்று பேசினார்கள். அவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: எங்க சின்னம்மா மாத்திரை தின்றதால் சாகவில்லை, மாத்திரை நின்றதால் செத்தாள். வலிப்பும் மனநோயும் சொற்களால் மட்டும் கட்டியவை அல்ல. அடுப்பில் வெந்த கை சொல் அல்ல. நமக்கு மருந்து வேண்டும். மருந்தோடு அதன் பெயரும் வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகை எரிந்து 28 பேர் கருகிச் செத்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு, தனக்கு என்ன நோய், என்ன வைத்தியம், அதன் பக்கவிளைவு என்ன என்று தனக்குப் புரிகிற மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. 18ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் எல்லா நேரமும் இலவசமாக இருக்கவேண்டும் என்கிறது.

நல்ல சட்டம். ஆனால் கட்டுப்போட்டிருப்பது சங்கிலி என்றால் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியும். மாத்திரை தெரியாது. என்ன தருகிறார்கள் என்று தெரியாமல், எதற்கு நாக்கு தடிக்கிறது என்று தெரியாமல், மத்தியானம் வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருவரைக் கட்டியிருப்பது எது? அவருக்கு 22ஆம் பிரிவைப் படித்துச் சொல்லப்போகிறவர் யார்?

6

டாக்டர் சொன்ன வாதத்துக்குத் திரும்பி வருகிறேன். அதைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மை இல்லை.

பெயர் தெரிந்தால் தானாக வாங்கித் தின்பார்கள் என்றார். தின்கிறார்கள், உண்மை. கால் வலிக்கு, தூக்கத்துக்கு, கடைக்காரரிடம் பெயர் சொல்லி வாங்கிச் சிறுநீரகம் கெட்டவர்கள் நம் தெருவிலேயே உண்டு. பெயர் தெரிந்தால் ஒரேயடியாக விழுங்கிச் சாவார்கள் என்றார். அதுவும் நடக்கிறது. ஆனால் பெயர் தெரியாதவர்களும் பொட்டலத்தோடு விழுங்கியிருக்கிறார்கள். பெயர் தெரியாததால் காப்பாற்றப் போன டாக்டருக்கு என்ன விஷமென்று தெரியாமல் போனதுதான் மிச்சம். கொஞ்சமாகக் கொடுப்பது ஒரு பாதுகாப்பு, ஒத்துக்கொள்கிறேன். பெயரை மறைப்பது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

இன்னொரு வாதமும் உண்டு. இதை டாக்டர் சொல்லவில்லை, எங்கள் அம்மா சொன்னாள். "பேர எழுதிக் குடுத்தா ஊருக்கே தெரியும். நரம்பு மாத்தர தின்றான்னு கல்யாணம் நின்னுபோவும்." இதுதான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான வாதம். சின்னம்மாவைக் கட்டிக்கொடுக்கும்போது வலிப்பை மறைத்துத்தான் கட்டிக்கொடுத்தோம். பெயரில்லாத பொட்டலம் அன்றைக்கு எங்களுக்கும் வசதியாக இருந்தது. ஆனால் ரெண்டும் வேறு. ஊருக்கு மறைப்பது அவள் உரிமை. அவளுக்கே மறைப்பது யாருடைய உரிமை? அவள் தன் ரகசியத்தை முந்தானையில் முடிந்துவைத்திருக்கலாம். ஆனால் அந்த ரகசியம் முதலில் அவளிடம் இருக்கவேண்டும்.

மறைப்பது இங்கிலீஷ் வைத்தியத்தின் பழக்கம் மட்டும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். 1907இல் பத்திரிகை தொடங்கி, நம் சனங்களின் அறிவு திருடப்பட்ட கதையை எழுதியவர். அவர் கற்ற அந்த வைத்தியத்தின் ஏடுகளிலும் மருந்துச் சரக்குக்குப் பரிபாஷைப் பெயர்தான். குரு சொன்னால்தான் விளங்கும். நம் ஊர் நாட்டு வைத்தியர்களும் பச்சிலையின் பெயரைப் பிள்ளைக்குக்கூடச் சாகும்போதுதான் சொன்னார்கள். பெயரை மறைத்தால் பிழைப்பு நிற்கும் என்பது எல்லாத் தொழிலும் கற்ற பாடம். ஆனால் எழுத்தையே காதில் வாங்கக் கூடாது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சனங்கள் நாம். தெரியாமல் வைத்திருப்பதை "உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். கோயிலுக்குள் வராதே, உன் நல்லதுக்குத்தான். அந்தப் பாடத்தைப் படிக்காதே, உன்னால் முடியாது, உன் நல்லதுக்குத்தான். மாத்திரையின் பெயர் எதற்கு, உன் நல்லதுக்குத்தான். மற்றவர்களுக்கு இது அசட்டை. நமக்கு இது பழைய வழக்கத்தின் தொடர்ச்சி.

7

டாக்டர் எங்களுக்குத் தந்தது கருணை. அது பதினோரு வருஷம் வேலை செய்தது. அவரிலிருந்து எண்பது மைல் தள்ளி, ஒரு சூளையில், வேலை செய்யவில்லை. கருணை கொடுக்கிறவர் கைக்கு எட்டும் தூரம்தான் போகும். உரிமை எழுதிக்கொடுத்த சீட்டு மாதிரி, வாங்கியவரோடு நடந்து போகும். நம் சனங்கள் சூளைக்கும், கரும்புக்கும், கட்டட வேலைக்கும் ஊர் ஊராகப் போகிறவர்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே நல்லவரை நம்பி வாழ நமக்குத் தோது கிடையாது.

அதனால் மருந்துக் கட்டுப்பாடு பற்றி இனி யாராவது பேசினால் நாம் கேட்க வேண்டியது வேறு. டாக்டர் அலமாரியில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணுகிற இன்ஸ்பெக்டர், வாசலில் உட்கார்ந்திருக்கிறவரின் பொட்டலத்தையும் வாங்கிப் பார்க்கட்டும். அதில் தமிழில், பெரிய எழுத்தில், மருந்தின் பெயரும் அளவும் "சட்டென்று நிறுத்தாதே" என்பதும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக எழுதவேண்டும் என்று 2016இல் மருத்துவர்களின் நடத்தை விதியே திருத்தப்பட்டது. சீட்டே தராத இடத்தில் அந்தத் திருத்தம் என்ன செய்யும் என்று மருத்துவச் சங்கங்களைக் கேட்போம். பதிவேட்டின் ஒரு நகல் நோயாளியின் கையில் ஒரு சின்ன நோட்டாக இருக்கட்டும். யாருக்குக் காட்டுவது என்பதை அவர் முடிவுசெய்யட்டும். வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு நீண்டநாள் சீட்டு தரும் வழி சட்டத்திலேயே இருக்கிறது என்பதை நம் சங்கங்கள் சூளைக்குச் சூளை சொல்லட்டும். மலிவான வலிப்பு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருநாள்கூட இல்லாமல் போகக்கூடாது என்று கூலிப் போராட்டத்தோடு சேர்த்துக் கேட்போம். இவற்றில் பலவற்றுக்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. இருக்கிற விதி நம் பக்கம் திரும்பினால் போதும்.

படிக்கத் தெரியாதவளுக்குப் பெயர் எழுதிக் கொடுத்து என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் உண்டு. படிக்கத் தெரிந்தவர் யாரிடமாவது காட்டுவாள். அந்த ராத்திரி காட்டத்தான் செய்தார்கள்.

எங்கள் அம்மாவுக்கு இப்போது சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். மாத்திரை தீர்ந்த அட்டையை அவள் எறிவதில்லை. வெற்றிலைப் பையில் தனியாகச் சேர்த்துவைத்திருக்கிறாள், எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போகும். ஆஸ்பத்திரியில் மாத்திரை தருகிற சன்னலில் நின்றுகொண்டு, பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தாலும் நகராமல், "இதுக்கு இன்னா பேரு, சொல்லும்மா" என்று கேட்கிறாள். அந்தப் பெண் சொல்கிறது. அம்மா ரெண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வரிசையை விட்டு வருகிறாள்.